சிறுநீர் கல்ச்சரில் ‘ஈஎஸ்பிஎல்’ என்று வந்தால் ஊசி மருந்துதான் வழியா?

குலசேகரம்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறார். சென்ற மழைக்காலத்திலிருந்து அவருக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வந்து போகிறது. முதல் தடவை, சந்திப்பில் உள்ள ஒரு மருந்துக் கடையில், சீட்டு எதுவும் கேட்காமலேயே செஃபிக்சைமும் ஆஃப்லாக்சசினும் சேர்ந்த மாத்திரையை மூன்று நாளுக்குக் கொடுத்தார்கள், எரிச்சல் அடங்கியது. அடுத்தடுத்து வந்தபோதும் பழைய அட்டையைக் காட்டி அதையே வாங்கினோம். இந்தத் தடவை மருந்து கேட்கவில்லை என்பதால் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார்.

நாகர்கோவில் ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் ‘ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் வகை’ (பல ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதி உள்ள கிருமியாம்) என்றும், எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றும் இருக்கிறது. செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் எல்லாவற்றுக்கும் ‘ஆர்’, அதாவது கிருமி அடங்காது. நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் ஆகியவற்றுக்கு ‘எஸ்’, அதாவது அடங்கும். ஒரு வாரம் தினமும் எர்டாபெனம் ஊசி போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. எரிச்சலும் அடிக்கடி போக வேண்டிய அவசரமும் மட்டும் இருக்கின்றன.

நான் கேட்க விரும்புவது இவைதான். மெரோபெனத்துக்கு எதிரே 0.25 என்றும் நைட்ரோஃபுரான்டோயினுக்கு எதிரே 16 என்றும் போட்டிருப்பதால், எண் சிறியதாக உள்ள மருந்துதான் வலுவானது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த ஈஎஸ்பிஎல் கிருமிக்கென்றே சென்னையில் ஒரு புதிய மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தேன். அதை ஏன் யாரும் எங்களிடம் சொல்லவில்லை? இத்தனை ஆராய்ச்சி நடந்தும் வாயில் போட ஒரு புதிய மாத்திரை வராதது ஏன்?


கோட்டாறு நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, மருத்துவமனை ஆய்வகத்தில் கல்ச்சர் மேசையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஊசி வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வது அம்மாவை நேரில் பார்த்தவரின் வேலை. அந்தத் தாளை எப்படிப் படிப்பது, அதை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன கேட்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது அங்கேதான். மருந்தின் அளவைப் படிப்படியாகப் பாதியாக்கிக்கொண்டே போய், கிருமி வளராமல் நிற்பதற்கு மில்லிலிட்டருக்குக் குறைந்தது எத்தனை மைக்ரோகிராம் தேவை என்று பார்த்து எழுதுவதே அந்த எண். அதை அந்தந்த மருந்துக்கென்று வகுத்த எல்லையோடுதான் ஒப்பிட வேண்டுமே தவிர, ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. மெரோபெனத்துக்கு 1 வரையிலும், நைட்ரோஃபுரான்டோயினுக்கு 32 வரையிலும் ‘எஸ்’ என்று எழுதுவோம். நைட்ரோஃபுரான்டோயின் ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே தங்கும். ஆனால் சிறுநீரில் வந்து செறிந்துவிடும். ஆகவே 16 என்ற எண் சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் கிருமிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே மருந்து, கிருமி சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறிவிட்டால், தாளில் ‘எஸ்’ என்றே இருந்தாலும் பயன்படாது.

எனவே முதலில் கேட்க வேண்டியது, தொற்று எங்கே நிற்கிறது என்பது. எரிச்சல், அவசரம், அடிவயிற்று வலி ஆகியவற்றோடு முடிந்தால் அது பெரும்பாலும் சிறுநீர்ப்பைத் தொற்று. குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் அது மேலே ஏறிவிட்டது என்று பொருள். பின்னதில் ஈஎஸ்பிஎல் கிருமிக்குக் கார்பபெனம் ஊசியை (மெரோபெனம், எர்டாபெனம் இந்தக் குடும்பம்தான்) தேடுவது முற்றிலும் நியாயம். 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 விழுக்காட்டினரும், பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற வேறு குடும்பத்து ஊசி மருந்தைப் பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினரும் முப்பது நாளுக்குள் இறந்தனர். இத்தனைக்கும் அந்தக் கிருமிகள் ஆய்வகத் தாளில் இரண்டு மருந்துக்குமே ‘எஸ்’ காட்டியவை. அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்த மருத்துவர், சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவருக்கு ஈஎஸ்பிஎல் என்று கண்டதும் ஊசியை நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் காய்ச்சல் இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரையோ, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொட்டலமோ போதுமா என்று அவரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேட்பதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை அளவு கையில் இருக்கட்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீரில் போதுமான அளவு வந்து சேராது, பக்கவிளைவும் கூடும்.

ஈஎஸ்பிஎல் என்பது தனியொரு கிருமியின் பெயரன்று. பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகளை உடைத்துப் போடும் நொதிகளைக் குறிக்கும் சுருக்கம். இதை நாங்கள் கண்ணால் பார்ப்பது மறுநாள் காலையில்தான். கிருமி வளர்க்கும் முல்லர்-ஹின்டன் தட்டில் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் சீராகப் பூசி, செஃபோடாக்சைம் வில்லை ஒன்றையும், அதே மருந்தோடு, அந்த நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லை ஒன்றையும் தள்ளித் தள்ளி வைத்து, இரவு முழுவதும் 35 டிகிரியில் விட்டுவிடுவோம். எடுத்துப் பார்த்தால் முதல் வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி மண்டிக் கிடக்கும். இரண்டாவதைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். வட்டத்தின் வேறுபாடு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த நொதி இருப்பது உறுதி. அதற்கான மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்களில் அமர்ந்திருக்கின்றன. வேறு குடும்பத்து மருந்துகளுக்கான எதிர்ப்பும் பல சமயம் அதே துண்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும். சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் சேர்ந்தே விழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உலகெங்கும் பரவியுள்ள சிடிஎக்ஸ்-எம்-15 என்னும் வகை, 1999இல் புதுதில்லியில் எடுத்த கிருமிகளில்தான் முதலில் கண்டறியப்பட்டது.

இன்னொன்று. சிறுநீரை எங்கே பிடித்தீர்கள்? குலசேகரத்தில் காலையில் பிடித்து, கைப்பையில் வைத்து, பேருந்தில் நாகர்கோவில் வந்து, வரிசையில் நின்று கொடுத்திருந்தால், வழியிலேயே கிருமி பெருகியிருக்கும். ஒரு லட்சம் என்ற எண்ணுக்கு அப்போது பெரிய மதிப்பில்லை. ஆய்வகத்துக்கு வந்து, கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தர முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.


களியக்காவிளை மருந்தாளுநர் எழுதியது:

கடைக்காரரைப் பற்றிச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மாத்திரையில் உள்ள செஃபிக்சைம், 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையை, அதாவது கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைச் சேர்ந்தது. சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆஃப்லாக்சசின் எச்1இல் இல்லாவிட்டாலும் எச் அட்டவணையில் இருப்பதால் அதற்கும் சீட்டு கட்டாயம். ஆகவே அந்தக் கடையில் நடந்தது சட்டப்படி தவறு. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

ஆனால் கடைக்கு இப்புறம் நின்று பார்ப்பவனுக்கு வேறொன்றும் தெரியும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், வலை இழுத்துவிட்டு வருகிறவரும், மருத்துவரைப் பார்க்க அரைநாள் கூலியை விட வேண்டும். அவர்கள் கேட்பது ‘ரெண்டு நாளைக்கு மட்டும் தாங்க’ என்பதுதான். இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 2024 தொடக்கத்தில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பற்றி மக்களே புகார் தெரிவிக்கவும் வழி செய்தது. அதன் பிறகு பாறசாலையில் கிடைக்காததைத் தேடி இங்கே வருகிறவர்களை நான் பார்க்கிறேன். நடந்தே கடக்கக்கூடிய ஓர் எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும் கதவை அடைத்துவிட்டுக் கிருமியை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபாஸ்ஃபோமைசின் பொட்டலம் சிறிய கடைகளில் பெரும்பாலும் இருக்காது. சீட்டைக் கொடுத்து முன்கூட்டியே சொல்லிவைத்தால் மொத்த விற்பனையாளரிடமிருந்து வரவழைத்துத் தருவார்கள். நைட்ரோஃபுரான்டோயினை உணவோடு சாப்பிட வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். நிறம் மாறியதைக் கண்டு பாதியிலேயே நிறுத்தியவர்கள் உண்டு.


மணக்குடிக் காயல் எழுதியது:

கடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவன் நான். சகோதரியின் மற்ற இரண்டு கேள்விகளும் என் பக்கம் வருகின்றன.

நீங்கள் படித்த மருந்து என்மெட்டாசோபாக்டம். சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அல்லெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டு, செஃபெபிம் என்ற பழைய மருந்தோடு சேர்த்து வளர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவும் இந்தியாவும் ஒப்புதல் அளித்தன. செஃபெபிமை உடைக்க வரும் நொதியைப் பிடித்து முடக்கிவைப்பதே இதன் வேலை. 2022இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ளவர்களில் இந்தக் கூட்டு மருந்து 79.1 விழுக்காட்டினரையும், பைபராசிலின்-டாசோபாக்டம் 58.9 விழுக்காட்டினரையும் தேற்றியது. தமிழ்நாட்டு ஆய்வகம் ஒன்றில் பிறந்த மூலக்கூறு இவ்வளவு தூரம் போனது சாதாரண விஷயமல்ல. நம் செய்தித்தாள்கள் அதற்குக் கொடுத்த இடம் போதாது என்பது என் வருத்தம்.

ஆயினும் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்துமா என்றால், அதுவும் நரம்பு வழியாக, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்துதான். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் சிக்கலான தொற்றுக்கும் உரியது. கார்பபெனத்தைச் சற்று மிச்சப்படுத்த உதவும் என்பதே அதன் பெருமதிப்பு. கார்பபெனத்தையே உடைக்கும் என்டிஎம் நொதியை அது தடுக்காது. என்டிஎம்மைப் பற்றி 2010இல் லான்செட் இன்ஃபெக்ஷஸ் டிசீசஸ் இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நோயின் செய்தியும் மருந்தின் செய்தியும் ஒரே ஊரிலிருந்து போயிருக்கின்றன.

இனி, புதிய மாத்திரை ஏன் வரவில்லை என்பது. ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வு பெரும்பாலான மூலக்கூறுகளை உள்ளே விடாது. தப்பி நுழைந்ததையும், வள்ளத்துக்குள் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல், அதன் புரதப் பம்புகள் வெளியே தள்ளிவிடும். சோதனைத் தட்டில் அழகாக வேலை செய்யும் பொருள்களில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசினின் முன்னோடியான நாலிடிக்சிக் அமிலம் 1962இல் வெளியானது. அதன் பின் இந்தக் கிருமிகளுக்கு எதிராகப் புதிய குடும்பம் ஒன்று வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்றும் இருக்கிறது: பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்றுக்கென ஜெபோடிடாசின் என்ற புதிய வகை மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நடப்பது தேடல். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. மணக்குடியில் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே சேற்றை அள்ளி, அதிலுள்ள ஆக்டினோபாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, அவை சுரக்கும் பொருள் ஏதாவது கிருமியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது என்னைப் போன்ற மாணவர்களின் அன்றாட வேலை. இது வீண் ஆசையன்று. உங்கள் அம்மாவுக்குக் கேட்காமல் போன செஃபிக்சைமின் குலமுதல்வன், 1945இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே புரோட்சு கண்டெடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. ஆனால் ‘கடற்பாசியில் புதிய ஆன்டிபயாடிக்’ என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பொருள் மனித உயிரணுக்களை என்ன செய்தது என்பதைத்தான். தட்டில் வட்டம் விழச் செய்வது எளிது. பினாயிலும் அதைச் செய்யும். வட்டத்துக்கும் மாத்திரைக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஆண்டுகளும், கொள்ளைப் பணமும் கிடக்கின்றன.

அந்தப் பணத்தைப் போடுவதற்குத்தான் ஆள் இல்லை. புதிய ஆன்டிபயாடிக் வந்தவுடன், அதைத் தொடாமல் காப்பாற்றி வையுங்கள் என்று மருத்துவ உலகமே சொல்கிறது. விற்கக் கூடாத சரக்கை எவர் தயாரிப்பார்? அக்கேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் 2018 ஜூனில் ஒப்புதல் பெற்றது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிரிட்டன் இப்போது எத்தனை குப்பி விற்றது என்று பாராமல் ஆண்டுச் சந்தாவாகப் பணம் கொடுத்துப் பார்க்கிறது. இந்தியாவுக்கு அந்த வழி ஒத்துவருமா என்பது தனி விவாதம். ஆனால் மருந்தாளுநர் ஐயா சொன்ன அரைநாள் கூலிச் சிக்கலைத் தீர்க்காமல் புதிய மருந்தை மட்டும் கொண்டுவந்தால், செஃபிக்சைமுக்கு ஆனதுதான் அதற்கும் ஆகும்.


எல்லை தாண்டும் செவிலி எழுதியது:

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன்; வீடு மார்த்தாண்டத்தின் பக்கம். கோட்டாறு ஐயா சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சர்க்கரை நோயுள்ள முதியவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வராமலேயே தொற்று மேலே ஏறிவிடுகிறது. திடீரென்று தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்ற சோர்வு என்றுதான் அழைத்து வருகிறார்கள், வந்து சேரும்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஆகவே ‘காய்ச்சல் இல்லை, மாத்திரை போதும்’ என்று வீட்டிலிருப்பவர்கள் முடிவெடுத்துவிடக் கூடாது. மாத்திரை தொடங்கினாலும் இரண்டு நாளில் எரிச்சல் குறையாவிட்டாலோ, சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறினாலோ மறுபடி காட்ட வேண்டும். எர்டாபெனத்துக்கு ஒரு வசதி உண்டு; ஒரு நாளைக்கு ஒரே ஊசி என்பதால், தேவைப்பட்டால் படுக்கையில் சேராமலேயே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம்.


குலசேகரம்காரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிரியேட்டினின் 0.9 என்று சென்ற மாதச் சோதனையில் இருக்கிறது. சிறுநீரை வீட்டிலேயே பிடித்துத்தான் கொண்டுபோனோம். நாளை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டையும் சொல்கிறேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: மருந்து முடிந்ததும், கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா?


கோட்டாறு நுண்ணோக்கி எழுதியது:

செவிலி அம்மையாரின் எச்சரிக்கை சரியானது; அதை என் பதிலோடு சேர்த்தே படியுங்கள்.

கல்ச்சர் பற்றி: எரிச்சலும் அவசரமும் போய்விட்டால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. வயதான பெண்கள் பலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு, எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீரில் கிருமி குடியிருக்கும். கர்ப்பிணிகளையும், சிறுநீர்ப் பாதையில் கருவி செலுத்திச் செய்யும் சில சிகிச்சைகளுக்கு உள்ளாகப் போகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று எடுக்கும் கல்ச்சரில் மறுபடி ஈஎஸ்பிஎல் வரும். தாளைப் பார்த்ததும் பயம் வரும். பயத்தில் இன்னொரு சுற்று மருந்து போகும். நான் வேலையில் இருந்தபோது வந்த மாதிரிகளில் கணிசமானவை இந்த வகைதான். தொந்தரவு திரும்பி வந்தால் மட்டும், மருந்தின் முதல் வேளைக்கு முன்பாக, ஆய்வகத்துக்கே வந்து கொடுங்கள். இப்போதைய அறிக்கையையும் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கல்ச்சர் முடிவு வரக் காத்திருக்கும் இரண்டு மூன்று நாளில் எந்த மருந்தைத் தொடங்குவது என்று மருத்துவர் தீர்மானிக்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.